ஒரே நாளில் இரு குடமுழுக்கு: நின்றவூரும் நாட்கணக்கும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையே அமைந்த திருநின்றவூர், சைவ இலக்கியத்தில் நிலைத்த இடம் பெற்றதற்குக் காரணம், இரண்டு கோயில்களின் குடமுழுக்கு ஒரே நாளில் வந்து மோதியதுதான். குடமுழுக்கு என்பது புதிதாகக் கட்டிய அல்லது புதுப்பித்த கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்து, மந்திரநீர் நிறைந்த குடங்களால் விமானத்துக்கும் மூலவருக்கும் நீராட்டும் சடங்கு; கும்பாபிஷேகம் என்பதும் இதுவே. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, காடவர் கோமான், அதாவது பல்லவ அரசன், காஞ்சிபுரத்தில் பெரும்பொருள் செலவிட்டு எழுப்பிய கற்றளிக்கு ஒரு நல்ல நாளைக் குறித்திருந்தான். அதே நாளை நின்றவூரில் பூசலார் என்னும் அந்தணரும் தம் கோயிலுக்குக் குறித்திருந்தார். முதல் நாள் இரவு அரசனின் கனவில் தோன்றிய சிவபெருமான், மறுநாள் தாம் நின்றவூர்ப் பூசலின் ஆலயத்துள் புக இருப்பதால், காஞ்சிக் கோயிலின் சடங்கை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுமாறு பணித்தார். விழித்தெழுந்த அரசன் அத்தகைய அடியாரைக் காணும் விருப்பத்துடன் நின்றவூருக்கு வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டபோது, அப்படியொரு கோயில் இவ்வூரில் இல்லை என்றே ஊரார் விடையளித்தனர்.

பூசலார் கோயில் கட்டியது மனத்துக்குள். பொருள் தேடி எங்கும் அலைந்தும் சிறிதும் கிடைக்காத நிலையில், அவர் நினைப்பினாலேயே செல்வத்தைத் திரட்டி, நினைப்பினாலேயே கருவிகளையும் பொருள்களையும் தச்சரையும் தேடிக்கொண்டு, ஆகம முறைப்படி நல்ல நாள் பார்த்துத் தொடங்கி, இரவிலும் கண் துயிலாமல் கட்டினார் என்று சேக்கிழார் கூறுகிறார். அடித்தளத்தின் முதல் வரியாகிய உபானத்திலிருந்து சிகரம் வரை ஒவ்வொரு உறுப்பையும் அதற்குரிய அளவில் அமைத்து, தூபி நட்டு, சுதை பூசி, கிணறு எடுத்து, மதில் வளைத்து, குளமும் தோண்டிய பிறகே அவர் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். செலவே இல்லாத ஒரு கோயிலில் கிணற்றையும் மதிலையும் விட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. இந்த வரிசையை எழுதிய சேக்கிழாரின் ஊர் பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூர். சோழ அரசில் உயர்பதவி வகித்தவர் என்று மரபு கூறும் ஒருவருக்குக் கோயிற்பணியின் ஒழுங்கு நேரில் தெரிந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

இக்கதையை மனக்கோயிலின் பெருமையைச் சொல்லும் கதையாகவே பெரும்பாலோர் படிக்கின்றனர். ஆனால் கதையின் இயக்கம் முழுவதும் நாளைச் சார்ந்தே உள்ளது. பூசலார் ஒரு நாள் முன்போ பின்போ குறித்திருந்தால் அரசனுக்குக் கனவு வந்திருக்காது, ஊராருக்குச் செய்தி தெரிந்திருக்காது, புலவர்களுக்குப் பாடுபொருளும் கிடைத்திருக்காது. வரலாற்றில் இரு நிகழ்ச்சிகள் ஒரே நாளில் அமைவதை இன்றைய நாளிதழ்கள் ‘வரலாற்றில் இன்று’ என்ற தலைப்பில் ஒரு வேடிக்கையாகத் தொகுத்துத் தருகின்றன. பெரியபுராணமோ அதை ஒரு சிக்கலாகக் கண்டு, அந்த நாளை யார் குறித்தார், எந்தக் கணக்கில் குறித்தார், மோதினால் யார் விட்டுக்கொடுப்பது என்று கேட்கிறது. நாட்பொருத்தத்தை ஆராயும் எவரும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.

காஞ்சிக் கற்றளி எது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இராசசிம்மன் எனப் பெயர் பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கைலாசநாதர் கோயிலையே சேக்கிழார் குறிக்கிறார் என்று கொள்வர். சோழர் கல்வெட்டுகள் அதனைப் பெரிய திருக்கற்றளி என்று அழைக்கின்றன. விமானத்தைச் சுற்றி வடமொழியில் பொறிக்கப்பட்டு, 1890இல் ஹூல்ட்ஸ் என்னும் செருமானியக் கல்வெட்டறிஞரால் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வெளியிடப்பட்ட கல்வெட்டில் வியப்புக்குரிய ஒரு செய்தி உள்ளது. துஷ்யந்தன் முதலிய பழைய அரசர்கள் வானிலிருந்து எழுந்த உடலற்ற குரலைக் கேட்டதில் வியப்பில்லை; நற்குணங்கள் விலகி நிற்கும் இந்தக் கலியுகத்திலும் ஸ்ரீபரன் அக்குரலைக் கேட்டான் என்பதே வியப்பு என்ற பொருளில் அது பேசுகிறது. ஸ்ரீபரன் என்பது இராசசிம்மனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. அரசன் கேட்ட அந்தக் குரலையும் பூசலார் கதையில் வரும் கனவையும் ஆய்வாளர் சிலர் இணைத்துப் பார்த்துள்ளனர்.

இணைப்பு கவர்ச்சியானது, எனினும் அதன் எல்லையை உணர்ந்து ஏற்பதே முறை. கல்வெட்டு குரல் என்கிறது, புராணம் கனவு என்கிறது. கல்வெட்டில் நின்றவூரும் இல்லை, பூசலாரும் இல்லை, நாளும் இல்லை. இரண்டுக்கும் இடையே நான்கு நூற்றாண்டுகள் உள்ளன. ஆயினும் அந்த இடைவெளி வெறுமையானதன்று. அடியார்களின் பெயர்ப்பட்டியலாகிய திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் பூசலாரை ஊர்ப்பெயரோடு சேர்த்தே குறிப்பிடுகிறார். பின்னர் வந்த நம்பியாண்டார் நம்பி அதனை விரித்து அந்தாதி பாடினார். சேக்கிழாருக்கு முன்பே நின்றவூரும் பூசலாரும் பிரிக்க முடியாதபடி இணைந்திருந்தனர் என்பதற்கு இவை போதும். குரல் கேட்ட பெருமையைக் கல்லில் பொறித்துக்கொண்ட அரசனின் நினைவு, நின்றவூரில் வழங்கிய அடியார் நினைவுடன் காலப்போக்கில் ஒன்று கலந்திருக்கலாம் என்பதே ஏற்கத்தக்க முடிவு.

இரு குடமுழுக்குகள் ஒரே நாளில் அமைவது அப்படி ஒன்றும் அரிய நிகழ்ச்சி அன்று என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். பஞ்சாங்கம் என்பது வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்து உறுப்புகளைக் கொண்ட நாட்கணக்கு. திதி என்பது சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகும் காலம். நட்சத்திரம் என்பது வான்வட்டத்தை 27 பகுதிகளாக்கி, சந்திரன் எந்தப் பகுதியில் நிற்கிறது என்று காட்டுவது. நற்செயலுக்கு நாள் குறிப்பவர் ஆகாத மாதங்களை நீக்கி, தேய்பிறையில் ஆகாத திதிகளை நீக்கி, ஆகாத நட்சத்திரங்களையும் கிழமைகளையும் நீக்கியபின், ஆண்டில் எஞ்சுபவை மிகச் சில நாட்களே. ஒரே நூலைப் பார்த்து ஒரே விதிப்படி நாள் குறிக்கும் இருவர் ஒரே நாளில் வந்து நிற்பது இயல்பு. இன்றும் வைகாசியிலோ ஆவணியிலோ நல்ல முகூர்த்தம் வாய்த்தால் அந்த ஒரு நாளில் தமிழகமெங்கும் பல கோயில்களில் குடமுழுக்கு நடக்கிறது, திருமண மண்டபங்கள் நிரம்பி வழிகின்றன, பத்திரப்பதிவு அலுவலகங்களுக்குக் கூடுதல் டோக்கன் ஒதுக்கி அரசே அறிவிப்பு வெளியிடுகிறது. ஆகவே பூசலாரும் பல்லவனும் ஒரே நாளைத் தேர்ந்தது கதைக்குள் ஓர் அற்புதமாகச் சொல்லப்படவில்லை. அற்புதம் அதன் பிறகு வந்த கனவில்தான் தொடங்குகிறது.

அடியார்களின் குருபூசை நாட்களில் இந்த நாட்பொருத்தம் வேறொரு வடிவம் பெறுகிறது. குருபூசை என்பது அடியார் இறைவனடி சேர்ந்த நாளில் ஆண்டுதோறும் நடத்தும் வழிபாடு. அதனைச் சூரியமாதமும் நட்சத்திரமும் சேர்த்துக் குறிப்பது சைவ வழக்கம். பன்னிரண்டு மாதங்களுக்கும் இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் 324 சேர்க்கைகள் உண்டு. அறுபத்து மூவரை இவற்றில் குருட்டாம்போக்கில் நிரப்பினாலும் ஏறத்தாழ ஆறு இணைகள் ஒரே நாளில் வந்துவிழும் என்பது எளிய கணக்கு. ஆனால் நாயன்மார் பட்டியலில் காணப்படும் முக்கியமான பொருத்தங்கள் குருட்டாம்போக்கில் விழுந்தவை அல்ல. சுந்தரருக்கும் சேரமான் பெருமாளுக்கும் ஆடிச் சுவாதி ஒரே நாளாக வருவது, ஒருவர் யானை மீதும் மற்றவர் குதிரை மீதும் ஒன்றாகக் கயிலை சென்றதாகப் புராணம் கூறுவதால். திருஞானசம்பந்தருடன் திருநீலநக்கர், முருகர், திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆகியோருக்கும் வைகாசி மூலமே நாளாக அமைந்தது, நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தரின் திருமணத்தின்போது எழுந்த சோதியில் அனைவரும் கலந்ததாகச் சொல்லப்படுவதால். இவற்றைவிட நுட்பமானது பெருமிழலைக் குறும்பரின் நாள். சுந்தரர் மறுநாள் கயிலை செல்வார் என்பதை யோகத்தால் உணர்ந்த குறும்பர், அவரைப் பிரிந்து வாழ மாட்டாமல் ஒரு நாள் முன்னதாகவே உயிர் நீத்தார் என்பது கதை. அவருடைய குருபூசை ஆடிச் சித்திரை. நட்சத்திர வரிசையில் சுவாதிக்கு முந்தியது சித்திரை. ஒரு நாள் இடைவெளியையும் தவறவிடாமல் இரு நட்சத்திரங்களுக்குள் பூட்டி வைத்திருக்கும் இம்மரபு, கதையையும் நாட்காட்டியையும் ஒன்றுக்கொன்று சான்றாக நிறுத்துகிறது.

பூசலாரின் நாள் ஐப்பசி அனுஷம். மாதத்தையும் நட்சத்திரத்தையும் மட்டும் சொன்னாலும் திதி ஏறக்குறையத் தெரிந்துவிடும் என்பதற்கு இதுவே நல்ல எடுத்துக்காட்டு. ஐப்பசியில் சூரியன் துலாராசிக்குள், அதாவது 180 பாகைக்கும் 210 பாகைக்கும் இடையில், நிற்கிறது. அனுஷம் அடுத்த ராசியாகிய விருச்சிகத்தில் 213 பாகை 20 கலையில் தொடங்கி 226 பாகை 40 கலையில் முடிகிறது. எனவே அன்று சந்திரன் சூரியனுக்கு முன்னால் மூன்று பாகைக்குக் குறையாமலும் நாற்பத்தேழு பாகைக்கு மிகாமலும் இருக்கும். திதிக்கு 12 பாகை என்று வகுத்தால், அமாவாசையை அடுத்த பிரதமை முதல் சதுர்த்தி வரையிலான நான்கு திதிகளுள் ஒன்றில்தான் அந்நாள் வர முடியும். பெரும்பாலும் தீபாவளி முடிந்த சில நாட்களில், கந்தசட்டி விழா நடந்துகொண்டிருக்கும்போதே, நின்றவூர் இருதயாலீசுவரர் கோயிலில் பூசலார் குருபூசை வருவதன் காரணம் இதுவே. மனத்தில் கட்டிய கோயிலின் நினைவாகப் பின்னர் எழுந்த அக்கோயிலில், கருவறைக்குள்ளேயே இலிங்கத்துக்கு அருகில் பூசலாரின் உருவமும் இருக்கிறது. இதயநோய் உள்ளவர்கள் அங்கு வேண்டிக்கொள்வது அண்மைக்காலத்தில் பரவிய வழக்கம்.

இதே கணக்கைச் சித்திரைத் திருவாதிரைக்கும் போட்டுப் பார்க்கலாம். அந்நாள் வளர்பிறைச் சதுர்த்திக்கும் சப்தமிக்கும் இடையில்தான் வரும். திருநின்றவூருக்குத் தெற்கே அதிகத் தொலைவில் இல்லாத ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்த இராமானுசரின் திருநட்சத்திரம் அது. ஆதிசங்கரரின் பிறந்தநாளோ வைசாக மாத வளர்பிறைப் பஞ்சமி. ஒருவருக்கு நட்சத்திரமும் மற்றவருக்குத் திதியும் அளவாக இருந்தும், இரு நாட்களும் பல ஆண்டுகளில் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ வருகின்றன. தத்துவத்தில் எதிரெதிர் நின்ற இருவரையும் நாட்காட்டி அருகருகே வைத்திருப்பதில் உட்பொருள் காண முயல்பவர் உண்டு. அது வானியல் கணக்கின் விளைவு என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே சித்திரைத் திருவாதிரையில் பெரியபுராண அரங்கேற்றம் தில்லையில் தொடங்கி, மறு ஆண்டு அதே நாளில் நிறைவுற்றது என்று சேக்கிழார் புராணம் கூறுவது வேறு வகையைச் சேர்ந்தது. திருவாரூரில் அடியார்களை வணங்காமல் ஒதுங்கிச் சென்றார் என்று சுந்தரரைக் கடிந்து, திருத்தொண்டத்தொகை பிறக்கக் காரணமாக இருந்தவர் விறன்மிண்ட நாயனார். அவருடைய குருபூசையும் சித்திரைத் திருவாதிரையே. மூலநூலுக்குக் காரணமானவரின் நாளில் விரிநூல் அரங்கேறியது எனும்போது, நாள் தானாக வாய்த்ததா, தேர்ந்து வைத்ததா என்ற கேள்வியில் தேர்ந்து வைத்தது என்ற விடையே வலுவாகத் தோன்றுகிறது.

நின்றவூரின் மற்றொரு பெருங்கோயிலான பத்தவத்சலப் பெருமாள் கோயிலைப் பற்றி வழங்கும் கதையிலும் காலமே சிக்கல் என்பது குறிப்பிடத்தக்கது. திருமங்கையாழ்வார் பாடாமல் ஊரைக் கடந்துவிட, பாடல் பெற்று வருமாறு தாயார் பெருமாளை அனுப்பினார். பெருமாள் சென்றடைவதற்குள் ஆழ்வார் கடல்மல்லைக்குப் போய்விட்டார், அங்கிருந்துதான் நின்றவூர்ப் பெருமாளைப் பாட நேர்ந்தது என்பர். சிவன் கோயிலில் நாள் மோதியது, பெருமாள் கோயிலில் வேளை தவறியது.

கல்வெட்டுகளில் வரும் நாட்குறிப்புகளை இன்றைய தேதியாக மாற்றும் முறைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் திவான் பகதூர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925). சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்தவரும், வாழ்வின் இறுதியில் சட்டமன்றத் தலைவராக விளங்கியவருமான அவர், 1911இல் இந்தியக் காலக்கணிதம் பற்றிய நூலையும், 1922இல் கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவற்றைக் காட்டும் பெருந்தொகுதிகளையும் வெளியிட்டார். சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஆட்சியாண்டுடன் மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றையும் சொன்னால், அவை அனைத்தும் ஒருங்கே பொருந்தும் நாளை அத்தொகுதிகளில் தேடிக் கண்டுகொள்ளலாம். ஒரு மாதத்துக்குள் திதியும் நட்சத்திரமும் ஒன்றையொன்று நெருக்கமாகக் கட்டுப்படுத்துவதால் அவ்விரண்டால் மட்டும் ஆண்டைக் காண முடியாது. ஆண்டைப் பிடித்துக் கொடுப்பது திதியோடு சேர்ந்த கிழமையே. இராசசிம்மனின் கல்வெட்டு இவற்றுள் ஒன்றையும் தரவில்லை. அதனால்தான் இத்தொகுதிகள் அவன் காலத்திலிருந்தே தொடங்கியும் காஞ்சிக் குடமுழுக்கின் நாளுக்கு அவை உதவுவதில்லை.

ஆங்கிலேயர் வந்தபின் நாட்கணக்கு எளிதாகிவிட்டது என்று நினைப்பது தவறு. 2004ஆம் ஆண்டு முதல் ஆகஸ்டு 22 சென்னை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1639இல் அந்நாளில், தாமல் வேங்கடப்ப நாயக்கர் மதராசப்பட்டினத்து நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார் என்பது அடிப்படை. அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் திருநின்றவூரை அடுத்த பூவிருந்தவல்லியில் இருந்துகொண்டு கம்பெனியின் முகவரான பிரான்சிஸ் டேவுடன் பேச்சு நடத்தியவர். ஆவணத்தின் படிகளில் ஜூலை 22 என்றும் தேதி காணப்படுகிறது. பிரான்சிஸ் டே அவ்விடம் வந்ததே ஜூலை இறுதியில் என்பதால், ஆகஸ்டு 22 என்று திருத்திக்கொண்டனர். திருத்தியதோடு சிக்கல் தீரவில்லை. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. 17ஆம் நூற்றாண்டில் அது இன்று வழங்கும் கிரிகோரியன் நாட்காட்டிக்குப் பத்து நாள் பின்தங்கியிருந்தது. கம்பெனி எழுத்தர்களின் ஆகஸ்டு 22, கோவாவிலிருந்த போர்ச்சுகீசியருக்குச் செப்டம்பர் 1. மேலும் ஆங்கிலேயரின் ஆண்டு அப்போது மார்ச் 25இல்தான் பிறந்ததால், கம்பெனி அதிகாரி கோகனும் டேயும் கோட்டை கட்ட வந்திறங்கிய பிப்ரவரியும் அவர்கள் கணக்கில் 1639ஆகவே இருந்தது; இன்றைய கணக்கில் அது 1640. ஆகஸ்டுக்குப் பின் வந்த பிப்ரவரிக்கும் அதே ஆண்டெண் இருப்பதை அறியாதவர் பழைய ஆவணங்களைப் படித்தால், நிலம் கிடைப்பதற்கு முன்பே கோட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று முடிவு செய்வார்.

தமிழ் மாதக் கணக்குக்கும் கிரிகோரியன் கணக்குக்கும் உள்ள உறவும் நிலையானதன்று. தமிழாண்டு விண்மீன்களை அளவாகக் கொண்டதால் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் ஆங்கிலத் தேதியில் முன்னே நகர்கிறது. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி, அதாவது பொங்கல் நாள். இப்போது பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வருகிறது. 1985 முதல் தேசிய இளைஞர் நாளாகக் கொண்டாடப்படும் ஜனவரி 12 பொங்கலுக்கு முன்பே வந்து போய்விடுகிறது. இராமகிருஷ்ண மடமோ திதிப்படி வேறொரு நாளில் பிறந்தநாளை நடத்துகிறது. 1863இல் ஒன்றாக இருந்த நாள் இன்று மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. நாளின் தொடக்கத்திலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ஆங்கில நாள் நள்ளிரவில் பிறக்கிறது, பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது. 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற நள்ளிரவு தேதிப்படி 15, வெள்ளிக்கிழமை. பஞ்சாங்கப்படி அப்போது வியாழக்கிழமை முடியச் சில மணி நேரம் எஞ்சியிருந்தது.

நின்றவூர் வழியாகத் தொடர்வண்டி முதன்முதலில் ஓடியது 1856இல். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்டு, ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபுவால் தொடங்கி வைக்கப்பட்டது. பொதுமக்களுக்கான போக்குவரத்து ஜூலை 1இல் தொடங்கியது. விழா நாளன்று ஆளுநரும் ஐரோப்பிய விருந்தினரும் சென்ற வண்டியைத் தவிர, திருவள்ளூர் வரை இன்னொரு வண்டியும் விடப்பட்டது. இரண்டும் பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, நின்றவூர் நிலத்தைக் கடந்தே சென்றிருக்க வேண்டும். பேச்சுவழக்கில் தின்னனூர் என்று மருவிய ஊர்ப்பெயரையே பின்னாளில் நிலையப் பலகையும் நெடுங்காலம் தாங்கியிருந்தது.

அந்த ஜூன் 28ஐ ‘வரலாற்றில் இன்று’ பகுதியில் தேடினால், 1914இல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டதும், 1919இல் வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானதும், 1921இல் பி. வி. நரசிம்ம ராவ் பிறந்ததும் உடன்வரும். இவற்றுள் இராயபுரத்து வண்டிக்கும் சரயேவோத் துப்பாக்கிக்கும் எத்தொடர்பும் இல்லை. சரயேவோவுக்கும் வெர்சாய்க்கும் உண்டு. போரைத் தொடங்கி வைத்த கொலையின் ஐந்தாம் ஆண்டு நிறைவில் அப்போரின் முதன்மையான உடன்படிக்கை ஒப்பமானது. சரயேவோவுக்கு முன்பும் ஒரு நாள் உண்டு. செர்பியர் ஆண்டுதோறும் நினைவுகூரும் கொசோவோப் போர் 1389 ஜூன் 15இல், ஜூலியன் கணக்கில், நடந்தது; 20ஆம் நூற்றாண்டில் அந்த ஜூலியன் தேதி கிரிகோரியன் ஜூன் 28இல் விழுந்தது. ஆஸ்திரிய இளவரசர் தம் வருகைக்கு அந்த நாளைத் தேர்ந்தது செர்பியரின் சினத்தைக் கிளறியது. உண்மையில் 1389இல் இரு நாட்காட்டிகளுக்கும் இடையே எட்டு நாள் வேறுபாடே இருந்ததால், சரியான கிரிகோரியன் நாள் ஜூன் 23. ஆயினும் செர்பிய மக்கள் உள்ளத்தில் நிலைத்த நாள் 28ஆக இருந்தபடியால், வரலாற்றில் வேலை செய்ததும் அதுவே.

அதே இருப்புப்பாதையில் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு தொடங்கி வைத்தது 1955 அக்டோபர் 2இல். காந்தியடிகள் பிறந்த நாள் என்பதாலேயே அது தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கொள்வதில் தயக்கம் வேண்டியதில்லை. விடுதலைக்குப் பின் முகூர்த்த நாளின் இடத்தைத் தலைவர்களின் பிறந்தநாட்கள் பிடித்துக்கொண்டதற்கு இதுபோல் எத்தனையோ சான்றுகள் உண்டு. அதே ஆண்டு ஜனவரியில் நின்றவூருக்கு அண்டையிலுள்ள ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடி, சமதர்ம பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானித்தபோது மாநில முதலமைச்சராக இருந்தவர் காமராசர். அவர் மறைந்தது 1975 அக்டோபர் 2. காந்தியத்தில் ஊன்றிய ஒருவர் காந்தி பிறந்த நாளில் மறைந்தது தமிழர் மறக்காத பொருத்தம். ஆனால் தொழிற்சாலைத் திறப்பு தேர்ந்து அமைத்தது, காமராசரின் மறைவு நேர்ந்து அமைந்தது. ஜனவரி 26லும் இப்படியே. 1930இல் முழு விடுதலை நாளாகக் காங்கிரசு அதனைக் கொண்டாடியதால்தான் 1950இல் அரசியலமைப்பு அந்நாளில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து புகழுடன் திரும்பிய விவேகானந்தர் 1897இல் பாம்பனில் கரையிறங்கியதும் ஜனவரி 26 என்பது வெறும் நேர்வு.

நேர்வையும் பொருளுடையதாகக் கொண்டவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பணிந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவை மனத்தில் வைத்து இந்திய விடுதலைக்கு ஆகஸ்டு 15ஐக் குறித்தவர் வைஸ்ராய் மவுண்ட்பேட்டன். அது புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தர் பிறந்த நாளும் ஆகும். திருச்சி வானொலி நிலையம் கேட்டுக்கொண்டதற்கிணங்க அளித்த செய்தியில், இதனைத் தற்செயலாகக் கொள்ளாமல், தம் வாழ்வின் பணிக்கு இறையருள் தந்த ஒப்புதலாகவே கொள்வதாக அரவிந்தர் குறிப்பிட்டார். அது அவருடைய நம்பிக்கை. அதற்கு வரலாற்றாசிரியன் மறுப்பு எழுத வேண்டியதில்லை. அவன் பதிய வேண்டியது நாளைக் குறித்தவர் யார், எதற்காகக் குறித்தார் என்பவற்றையே.

இன்று கோயில்களில் குடமுழுக்கு நடக்கும்போது அச்சிடப்படும் அழைப்பிதழில் தமிழாண்டின் பெயர், மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், இலக்கினம், ஆங்கிலத் தேதி, மணி ஆகிய அனைத்தும் இடம்பெறுகின்றன. விழா முடிந்து சுவரில் பதிக்கும் பளிங்குக் கல்லிலோ பல இடங்களில் ஆங்கிலத் தேதி மட்டுமே மிஞ்சுகிறது. அதிலும் ஓர் எண் சிதைந்தால் சரிபார்க்க வழியில்லை. அழைப்பிதழ்கள் ஓராண்டில் குப்பைக்குப் போய்விடும். நின்றவூர் தொடங்கி எல்லா ஊர்களிலும் திருப்பணிக் குழுவினர் தமிழாண்டு, மாதம், கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவற்றையும் அந்தக் கல்லிலேயே பொறித்து வைக்க வேண்டும். கூடுதலாக ஒன்றிரண்டு வரிகளே ஆகும்.